ரோஜாப் பொட்டலமும் வாழைப்பழமும்

எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் நான் எதை எழுதினாலும் முதலில் சிரிப்பார்கள், பிறகுதான் படிப்பார்கள். இந்தப் பெயரை நான் பாடுபட்டுச் சம்பாதித்தேன். கச்சிபௌலியில் எங்கள் கட்டிடம் எழும்புவதற்கு முன்பே குழு எழும்பிவிட்டது. சாவி இதோ வருகிறது, அதோ வருகிறது என்று பில்டர் இழுத்துக்கொண்டே போன காலத்தில், எல்லோரும் கோபமாகக் குழுவில் கத்திக்கொண்டிருக்க, நான் மட்டும் ஜோக் எழுதுவேன். நீச்சல் குளம் தோண்டிய இடத்தில் டைனோசர் எலும்பு கிடைத்துவிட்டதாம், அதனால் சாவி இன்னும் தள்ளிப்போகுமாம் என்று ஒரு தடவை போட்டேன். பாதிப் பேர் சிரித்தார்கள். மீதிப் பேர் பில்டருக்குப் போன் போட்டு எலும்பைப் பற்றி விசாரித்தார்கள். அன்றிலிருந்து நான் குழுவின் அதிகாரபூர்வக் கோமாளி. ஆபீஸிலும் அப்படித்தான். ராணுவத்துக்குத் தளவாடம் செய்யும் மத்திய அரசு நிறுவனம், எல்லோரும் இறுக்கமான முகத்தோடு திரியும் இடம். அங்கே ஒருவன் இப்படி இருந்தால்தான் கேன்டீன் டீ தொண்டைக்குள் இறங்கும்.

ஒருவழியாகச் சாவி வந்தது. மெட்டுகுடாவில் வாடகைக்கு இருந்த வீட்டைக் காலி செய்வதற்கு முன் கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்தோம். மாடு கொண்டுவருவதா வேண்டாமா என்று ஒரு வாரம் விவாதம் நடந்தது. சரக்கு லிஃப்டில் மாட்டை ஏற்ற அசோசியேஷன் அனுமதி தராது என்றார்கள். வெள்ளியில் கைக்கடக்கமாக ஒரு பசுவும் கன்றும் வாங்கி வைத்தோம். அது சாணி போடாது என்பதில் என் மனைவிக்கு நிம்மதி.

எல்லா வேலையையும் மனைவியே பார்த்தாள். ஐயர், சமையல், ஹால், மாவிலை, யாரைக் கூப்பிட வேண்டும், யாரைக் கூப்பிடாவிட்டால் சண்டை வரும், எல்லாம். என்னிடம் ஒன்றே ஒன்றைத்தான் ஒப்படைத்தாள்.

"தாம்பூலப் பைக்குப் பாக்கு மட்டும் வாங்கிட்டு வாங்க. அது போதும். வேற எதையும் தொடாதீங்க."

தேங்காய், மஞ்சள், குங்குமம், ரவிக்கைத் துணி எல்லாம் ஏற்கெனவே வந்திருந்தன. பைகள் ரோஜா நிறத்தில் சிறிய வலைப்பைகள். ஆகவே பாக்குப் பொட்டலமும் ரோஜா நிறத்தில் இருந்தால் எடுப்பாக இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. இந்த அழகுணர்ச்சி எனக்கு எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை என் மனைவி கேட்கிறாள்.

பழைய நகரத்துப் பக்கம் ஒரு மொத்த விற்பனைத் தெருவுக்குப் போனேன். கடை வாசலில் வாசனைப் பாக்குப் பொட்டலங்கள் சரம் சரமாகத் தொங்கின. பச்சை, மஞ்சள், ஊதா எல்லாம் இருந்தது. ரோஜா நிறம் மட்டும் இல்லை. நான் பையைக் காட்டி, "குலாபி ஹை க்யா?" என்றேன். இத்தனை வருஷம் இந்த ஊரில் இருந்து நான் கற்ற இந்தி, கடையில் நிறம் கேட்பதற்குப் போதும். கடைக்காரர் பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஹவ்" என்று ஆமாம் சொல்லிவிட்டு உள்ளே போனார். உள்ளறையில் ஏதோ மூட்டைக்கு அடியிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியை எடுத்துவந்தார். அச்சு அசலாகப் பையின் நிறம். மூக்கருகே கொண்டுபோனால் பன்னீர் தெளித்த கல்யாண வாசலில் நிற்பதுபோல் இருந்தது. எனக்காக உள்ளே போய்த் தேடி எடுத்திருக்கிறாரே என்று எனக்குப் பெருமை வேறு.

பொட்டலத்தின் மூலையில் தபால் தலை அளவில் சிவப்பாக ஒரு படம் இருந்தது. எனக்குச் சாளேஸ்வரம் வந்து வெகுகாலம் ஆகிறது. கண்ணாடி சட்டைப் பையில்தான் இருக்கும்; எடுத்து மாட்டினால் வயசு தெரியும் என்று மாட்டுவதில்லை. அந்தச் சிவப்பைப் பார்த்து, ரோஜா வாசனை, ரோஜா நிறம், ஆகவே குல்கந்து என்று முடிவுகட்டினேன். இதைவிடத் தெளிவாக ஒருவன் யோசிக்க முடியாது.

பைகளில் அடைக்கும் வேலையை எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகள் செய்தாள். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பையில் பொட்டலத்தைப் போடும் ஒரே அசைவை இயந்திரம்போல் செய்துகொண்டே, "ஸ்மெல் சூப்பர் ப்பா" என்றாள். என்னுடைய எந்தச் செயலையும் அவள் பாராட்டி வெகுநாள் ஆகியிருந்ததால், அதை நான் மனைவியிடம் போய்ச் சொன்னேன்.

கிரகப்பிரவேசம் நன்றாகவே நடந்தது. பால் பொங்கியது, புகை கண்ணைக் கரித்தது, தீயணைப்பு எச்சரிக்கை மணி அடித்தது, செக்யூரிட்டி ஓடிவந்து பிரசாதம் வாங்கிக்கொண்டு போனார். சாப்பாடு கீழே பார்ட்டி ஹாலில். சாப்பிட்டு முடித்தவர்கள் வெளியே போகும் வழியில் பட்டு வேட்டியோடு நான் நின்று தாம்பூலம் கொடுத்தேன். எங்கள் ஊர்ப்பக்கத்து ஆட்கள், ஆபீஸ் ஆட்கள், குடியிருப்பில் இருக்கும் தெலுங்குக் குடும்பங்கள், எல்லோருக்கும் ஆளுக்கொரு ஜோக் சேர்த்தே கொடுத்தேன். பிள்ளைகள் பெரியவர்களுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு தனியாகக் கை நீட்டின. பிள்ளைகள் கேட்டு நான் எதையும் இல்லையென்று சொன்னதில்லை.

"வயிறு முட்டத் தின்னுட்டேல்ல? இதைப் பிரிச்சு வாயில போட்டுக்கோ. ஊரே மணக்கும்."

ஒவ்வொரு பிள்ளைக்கும் இதைச் சொன்னேன். தமிழ் தெரியாத பிள்ளைகளுக்கு நடித்தும் காட்டினேன்.

கூட்டம் கலைந்த பிறகு கடைசிப் பந்தியில் நாங்கள் வீட்டு ஆட்கள் உட்கார்ந்தோம். மனைவியின் தம்பி எனக்கு எதிரே. மெட்டுகுடாவில் பல் டாக்டராக இருக்கிறான். எங்கள் குடும்பத்தில் யாரும் அவன் முன்னால் வாயைத் திறந்து சிரிப்பதில்லை. சிரித்தால் உடனே பின்பல்லைப் பார்த்து ஏதாவது சொல்லுவான். சாப்பிட்டு முடித்தவன் தன் பையிலிருந்து பொட்டலத்தை எடுத்தான். முகர்ந்தான். திருப்பிப் பார்த்தான். பிறகு மிகவும் அமைதியாகச் சொன்னான்.

"அத்தான், உங்க கண்ணாடி எங்க?"

"பையிலதான் கிடக்கு. ஏன்?"

"எடுத்து மாட்டுங்க."

மாட்டினேன்.

"இப்ப இந்தப் படத்தைப் பாருங்க. என்ன தெரியுது?"

பார்த்தேன். என் வாய்க்குள் இருந்த பாயசம் அப்படியே நின்றது.

"குல்கந்துன்னுல்ல நினைச்சேன்."

"இது ஒரு ஆளோட கன்னம் அத்தான். உள்பக்கம். இது புகையிலை. பெருசாப் படம் போடணும்னு சட்டம் இருக்கு, சவத்துப் பயலுக ஸ்டாம்பு சைஸுக்குப் போட்டு ரோஸ் கலர் பூசி வச்சிருக்கானுக. ரோஜா எசென்ஸ், சக்கரை, எல்லாம் கலந்திருக்கு. எத்தனை பிள்ளைகளுக்குக் கொடுத்தீங்க?"

என் மனைவி இலையிலிருந்து தலையை நிமிர்த்தினாள். அவள் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஒரு வேலை," என்றாள். "ஒரே ஒரு வேலை."

மகள் பக்கத்து இலையிலிருந்து மெதுவாக, "நானும் பார்த்தேன் ப்பா. ஸ்ட்ராபெரி ஜாம்னு நினைச்சேன்" என்றாள். பார்வை என்பது பரம்பரைச் சொத்து.

நான் உடனே போனை எடுத்தேன். குழுவில் எழுதினேன்: அவசரம், நான் இன்று கொடுத்த பையில் இருக்கும் ரோஜா நிறப் பொட்டலம் பாக்கு இல்லை, புகையிலை, பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள், தயவுசெய்து திருப்பித் தாருங்கள். ஆங்கிலத்தில் ஒரு தடவை, மகளிடம் கேட்டு இந்தியில் ஒரு தடவை. அனுப்பிய கையோடு பதில்கள் வரிசைகட்டின. கண்ணீர் வழியச் சிரிக்கும் மஞ்சள் முகங்கள். ஒருவர், 'அடுத்தது தேங்காய்க்குள் பீரா சார்?' என்று கேட்டிருந்தார். ஏழாம் மாடிக்காரர், 'டைனோசர் திரும்பி வந்துவிட்டது' என்று எழுதி அதற்கு எல்லோரும் கட்டைவிரல் காட்டியிருந்தார்கள். நான் பெரிய எழுத்தில், 'இது ஜோக் இல்லை' என்று போட்டேன். அதற்குத்தான் அன்றைக்கு அதிகபட்சச் சிரிப்பு விழுந்தது.

"நீங்க நக்கோ ப்பா," என்று இந்த ஊர் இந்தியில் 'வேண்டாம்' சொல்லி, மகள் போனை என் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தாள். "உங்களை யாரும் நம்ப மாட்டாங்க. எங்க குரூப்ல நான் போடறேன்." குடியிருப்புப் பிள்ளைகளுக்கென்று தனிக் குழு இருக்கிறதாம். அதில் என்னைச் சேர்த்ததில்லை, சேர்க்கப்போவதுமில்லை. எல்லாரும் ப்ளே ஏரியாவுக்கு வாங்க, பிங்க் பாக்கெட்டைக் கையோடு கொண்டுவாங்க, யாரும் திறக்காதீங்க என்று இரண்டே வரி எழுதினாள். சரி, சரி என்று பதில்கள் வரத் தொடங்கின. இத்தனை வருஷம் நான் தமாஷ் பண்ணிப் பெற்ற மரியாதை எவ்வளவு என்று அங்கேயே தெரிந்துபோனது.

நாங்கள் எழுந்தபோது என் மாமியார் குறுக்கே வந்தார். மாமியார் என்னிடம் நேரடியாகப் பேசுவதில்லை; நான் பக்கத்தில் நின்றாலும் மகளிடம்தான் சொல்லுவார்.

"மாப்பிள்ளைட்ட சொல்லுட்டி. கொடுத்த தாம்பூலத்தைத் திருப்பி வாங்கக் கூடாது. அதுவும் பால் காய்ச்சின அன்னைக்கே. வீட்டுக்கு ஆகாது."

"யம்மா, அதுக்குள்ள புகையிலை கிடக்கு," என்றான் மச்சினன்.

"அதான் சொல்லுதேன். வாங்கக் கூடாது. மாத்திக் கொடுக்கலாம்லா? அதை வாங்கிட்டு வேற ஒண்ணைக் கையில கொடுத்தா அது மறுபடியும் கொடுத்ததாத்தான் கணக்கு."

இந்த அளவுக்குச் சட்ட நுணுக்கம் எங்கள் நிறுவனத்தின் சட்டப் பிரிவில்கூட இல்லை. பதிலுக்கு எதைக் கொடுப்பது? கடையில் போய் நிஜமான வாசனைப் பாக்கு வாங்கிவிடலாம் என்றேன். "பாக்கும் வாய்க்கு நல்லதில்ல அத்தான்," என்றான் மச்சினன். அப்படியானால் சாக்லேட்? "பல்லு?" கல்கண்டு? என்னை ஒரு பார்வை பார்த்தான். பல் டாக்டரை உறவாக வைத்துக்கொண்டு இனிப்பு கொடுக்க வழியே இல்லை. கடைசியில் பந்தியில் இலைக்கு ஒன்று வைத்தது போக மீந்திருந்த வாழைத்தாரில் அவன் கண் போனது.

ஆக, பட்டு வேட்டியோடு நான் ஒரு வாழைத்தாரைத் தோளில் சுமந்துகொண்டு விளையாட்டுத் திடலுக்குப் போனேன். கிரகப்பிரவேச நாள் இப்படி முடியும் என்று ஐயர் சொல்லவில்லை.

சறுக்குமரத்தடியில் பிள்ளைகள் கூடியிருந்தன. ஏற்கெனவே ஒரு சந்தை நடந்துகொண்டிருந்தது. ரவிக்கைத் துணியை யாரும் சீண்டவில்லை, தேங்காயை உருட்டி விளையாடிக்கொண்டிருந்தார்கள். ரோஜாப் பொட்டலத்துக்கு மட்டும் ஏக கிராக்கி. இரண்டு கிரிக்கெட் வீரர் அட்டைக்கு ஒரு பொட்டலம் என்று ஒரு வாண்டு ஏலம் விட்டுக்கொண்டிருந்தது. திறக்காமலேயே மூக்கில் வைத்து இழுத்துக்கொண்டிருந்தார்கள் சிலர்.

நான் தாரை இறக்கி வைத்துவிட்டு, "பாக்கெட்டைக் கொடுத்தா ஒரு பழம்!" என்று அறிவித்தேன்.

ஒரு சின்னப் பெண் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். "நக்கோ அங்கிள். கேலா நக்கோ."

"கைக்கு நக்கோ? ஏன் வேண்டாம்? நல்லா இருக்குமே," என்றேன் நான், தோல் உரித்து ஒரு பழத்தை நானே தின்றுகாட்டி.

ஒருத்தரும் அசையவில்லை. அவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது. ஒருபுறம் பளபளவென்று ரோஜா நிறம், கல்யாண வாசனை, கைக்கடக்கம். மறுபுறம் கறுப்புப் புள்ளி விழுந்த வாழைப்பழமும், அதை மென்றுகொண்டிருக்கும் தொந்தி வைத்த ஆளும். நான் பிள்ளையாக இருந்தால் நானே என்னிடம் கொடுத்திருக்க மாட்டேன்.

அப்போதுதான் எங்கள் எதிர்வீட்டுத் தெலுங்குக் குடும்பத்துப் பையன் முன்னால் வந்தான். ஆறாம் வகுப்பு. கையில் பிரிந்த பொட்டலம். கன்னம் ஒருபக்கம் உப்பியிருந்தது.

"பாகுந்தி அங்கிள்," என்றான். நன்றாக இருக்கிறதாம். "இன்னொண்ணு இருக்கா?"

மச்சினன் பாய்ந்துபோய் அவன் தலையைக் குனிய வைத்துத் துப்பச் சொன்னான். தண்ணீர் கொடுத்து மறுபடி மறுபடி கொப்பளிக்க வைத்தான். பையனுக்கு எதற்கு இத்தனை ஆர்ப்பாட்டம் என்று புரியவில்லை. ரோஸ் மில்க் மாதிரி இருந்தது, கொஞ்சம் காரம், அவ்வளவுதான் என்றான். நீங்கள்தானே வாயில் போடச் சொன்னீர்கள் என்றும் என்னைப் பார்த்துக் கேட்டான். அதைக் கேட்டுக்கொண்டிருந்தபோதே அவன் முகம் வெளுத்தது. நெற்றியில் வேர்வை அரும்பியது. தலை சுற்றுகிறது என்று என் வேட்டியைப் பிடித்தான். பிறகு கிரகப்பிரவேசச் சாப்பாடு முழுவதையும், வடை பாயசம் வரிசை மாறாமல், அந்த வேட்டியிலேயே திருப்பிக் கொடுத்தான்.

பிறகு ஒரு பொட்டலம் வாழைத்தாரின் அருகே விழுந்தது. அடுத்து இன்னொன்று. அட்டைக்கு ஏலம் விட்ட வாண்டு தன் இருப்பு முழுவதையும் கொண்டுவந்து போட்டது. பழத்தை மட்டும் அப்போதும் யாரும் எடுக்கவில்லை.

பையனைத் தூக்கிக்கொண்டு எங்கள் கேட்டுக்கு எதிரே இருக்கும் குழந்தை டாக்டரிடம் ஓடினோம். அவன் அம்மாவும் வந்துவிட்டாள். டாக்டர் பார்த்துவிட்டு, வாந்தி எடுத்ததும் நல்லதாகப் போயிற்று, கொஞ்ச நேரம் இங்கேயே படுத்திருக்கட்டும் என்றார். அந்த அம்மா என்னைத் திட்டுவாள் என்று தயாராக நின்றேன். அவள் என் வேட்டியைப் பார்த்தாள். பிறகு தன் போனை எடுத்து, குழுவில் என் செய்திக்குத் தான் போட்டிருந்த சிரிப்பு முகத்தை அழித்தாள். பையன் எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

அடுத்து வீடு வீடாக ஏறினோம். மகள் மணி அடிப்பாள், மச்சினன் விளக்குவான், நான் நிற்பேன். கதவைத் திறந்ததும் என் முகத்தைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்குவார்கள். பார்வை கீழே இறங்கி வேட்டிக்கு வந்ததும் சிரிப்பு நின்றுவிடும். வேட்டியை மாற்றுகிறேன் என்று நான் சொன்னபோது மச்சினன் விடவில்லை. "வேண்டாம் அத்தான். நீங்க சொல்லி நம்பாதவங்க இதைப் பார்த்துத்தான் நம்புதாங்க." ஏழாம் மாடிக்காரர் பொட்டலத்தோடு தேங்காயையும் சேர்த்தே திருப்பிக் கொடுத்தார். தேங்காய் நல்ல தேங்காய்தான் சார் என்று நான் எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. அவர் கையில் ஒரு பழத்தைத் திணித்தோம். மாமியாரின் சட்டப்படி எல்லாம் சரியாக நடந்தது.

ஆபீஸ் ஆட்களுக்கும் உறவுக்காரர்களுக்கும் மனைவி போன் போட்டு முடித்திருந்தாள். அவள் குரலில் யாரும் ஜோக்கைத் தேடமாட்டார்கள். ஒரே ஒரு வீடு மட்டும் பாக்கி. என் சித்தப்பா மகன், எனக்குத் தம்பி முறை, பட்டான்செருவில் மருந்துக் கம்பெனியில் வேலை. இரண்டாம் ஷிஃப்ட் இருக்கிறது என்று முதல் பந்தியிலேயே சாப்பிட்டுவிட்டுக் கிளம்பியிருந்தான். கம்பெனி வாசலிலேயே போனை வாங்கி வைத்துவிடுவார்கள். அவன் மனைவியின் போன் மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. அவர்களுக்கு ஒரே பெண். நாலாம் வகுப்பு. அவளுக்கு நான்தான் பெரியப்பா. பையைக் கொடுத்தபோது அவள் குனிந்து என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். நான் அவள் கையில் இன்னொரு பொட்டலத்தைக் கூடுதலாக வைத்து, "இது உனக்கு மட்டும் ஸ்பெஷல்" என்று காதில் சொல்லியிருந்தேன்.

அதை நினைத்ததும் வாழைப்பழத்தில் மீந்த ஒரு சீப்பை எடுத்துக்கொண்டு மச்சினனின் காரில் ஏறினேன். வேட்டியை மட்டும் மாற்றிக்கொள்ள அனுமதி கிடைத்தது.

கச்சிபௌலியிலிருந்து வெளியே வருவதற்கே ஒரு பிறவி வேண்டும். கம்பெனிப் பேருந்துகளுக்கும் டூவீலர்களுக்கும் நடுவே கார் அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. சும்மா இருக்கப் பயமாக இருந்ததால் நான் ஏதோ ஜோக் சொல்லத் தொடங்கினேன். மச்சினன் சிரிக்கவில்லை.

"என்கிட்ட ஒரு பையன் வாரான் அத்தான்," என்றான். "டிகிரி படிக்கான். வாய் ரெண்டு விரல் நுழையற அளவுக்குத்தான் திறக்கும். அதுக்கு மேல திறக்க முடியாது. உள்ள எல்லாம் இறுகிப்போச்சு. நல்ல பையன். நான் ஏதாவது தமாஷாச் சொன்னா வாயைத் திறக்காம உதட்டை மட்டும் அசைச்சுச் சிரிக்கான். எதுல ஆரம்பிச்சேன்னு கேட்டேன்."

"என்ன சொன்னான்?"

"ஸ்கூல் வாசல்ல வித்த இனிப்புப் பாக்கெட்டாம். ரோஜா, புதினா, மாம்பழம்னு தினுசு தினுசா இருக்குமாம். கசப்பா இருந்திருந்தா அன்னைக்கே துப்பியிருப்பேன் டாக்டர்னான்."

பட்டான்செரு வரும்வரை தம்பி மனைவியின் எண்ணுக்கே மறுபடி மறுபடி போன் போட்டேன். என் வாழ்நாளில் நான் ஜோக் சொல்லாமல் கடந்த மிக நீளமான சாலை அது.

தம்பியின் வீடு ஒரு சந்துக்குள், மாடியில். கதவு திறந்தே கிடந்தது. தம்பி மனைவி துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். போன் சார்ஜில் உள்ளே கிடந்திருக்கிறது. "வாங்க அத்தான், இப்பத்தானே அங்கேருந்து வந்தோம்?" என்று திகைத்தாள். மச்சினன் சுருக்கமாக விஷயத்தைச் சொன்னான். அவள் கையிலிருந்த துணி நழுவியது. "ஏட்டி!" என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டாள். "பெரியப்பா கொடுத்த பாக்கெட் எங்க? தின்னுட்டியா?"

பெண் உள்ளே தரையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எப்போதும்போல் முகம் மலர்ந்தாள். என்னிடமிருந்து ஜோக் வரும் என்று காத்திருக்கும் முகம்.

"தின்னலை," என்றாள். "வாசனைக்கு வச்சிருக்கேன்."

ஜியோமெட்ரி பாக்ஸைத் திறந்து காட்டினாள். காம்பஸுக்கும் ரப்பருக்கும் நடுவில் இரண்டு ரோஜாப் பொட்டலங்கள், பூப்போல் படுத்திருந்தன. திறந்ததும் அறை முழுக்கப் பன்னீர் மணம். பென்சில்கள் எல்லாம் மணந்தன. நாளைக்கு வகுப்பில் எல்லோருக்கும் முகரக் கொடுக்கப்போகிறாளாம். உயிர்த்தோழிக்கு ஒன்று, தனக்கு ஒன்று.

நான் அவள் எதிரே தரையில் உட்கார்ந்தேன். மூட்டு சத்தம் போட்டது. அதற்கே அவள் சிரித்தாள்.

"அதைப் பெரியப்பாகிட்ட கொடுத்துடும்மா. அது நல்ல பாக்கெட் இல்லை. விஷம்."

"ஜோக்கா?"

"இல்லை."

"போன தடவை எங்க வீட்டு ஃபேன்ல பேய் இருக்குன்னு சொன்னீங்க."

"அது ஜோக். இது இல்லை."

அவள் என் முகத்தை உற்றுப் பார்த்தாள். கண்ணில், உதட்டில், எங்கேயாவது சிரிப்பு ஒளிந்திருக்கிறதா என்று தேடினாள். இத்தனை வருஷத்தில் நான் அந்த முகத்தை ஒரு தடவைகூடச் சும்மா வைத்திருந்ததில்லை. அதை எப்படி வைப்பது என்றே எனக்குத் தெரியவில்லை. கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டேன். அது கொஞ்சம் உதவியது.

"விஷம்னா எதுக்கு ரோஜா வாசனை அடிக்குது?" என்று கேட்டாள்.

கேள்வி எனக்குத்தான். எந்தக் கேள்விக்கும் ஒரு பதில் வைத்திருப்பவன் நான். அன்றைக்கு ஒன்றுதான் இருந்தது.

"நீ வாங்கணும்னுதான். உன்னை மாதிரி சின்னப் பிள்ளைங்க வாங்கி, பழகி, அப்புறம் விட முடியாமப் போகணும்னு. பெரியவங்களுக்கே தெரியாம ஏமாத்திடும். என்னை ஏமாத்திடுச்சு பாரு."

அவள் பெட்டிக்குள் குனிந்து அந்தச் சிவப்புப் படத்தைப் பார்த்தாள். பிறகு இரண்டு பொட்டலங்களையும் விரல் நுனியால் எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். நான் வாழைப்பழச் சீப்பை நீட்டினேன். மாமியார் சொன்ன முறை.

"பழம் வேண்டாம் பெரியப்பா," என்றாள். பிறகு பெட்டியை முகர்ந்து பார்த்தாள். "ஆனா இதுல வாசனை போகல. இதை எப்படி ஸ்கூலுக்கு எடுத்துட்டுப் போறது?"

ஜியோமெட்ரி பாக்ஸை வாங்கிக்கொண்டு குழாயடிக்குப் போனேன். பென்சில்களை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்துவிட்டு, துணிசோப்புப் போட்டுத் தேய்த்தேன். அவள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்திருந்தாள். கழுவி அவள் மூக்கருகே நீட்டினேன்.

"இன்னும் இருக்கு."

மறுபடி தேய்த்தேன். தம்பி மனைவி புளி கொண்டுவந்து கொடுத்தாள், மச்சினன் உப்பு என்றான். புளியும் உப்பும் போட்டுத் தேய்த்தேன். நீட்டினேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு நீளமாக முகர்ந்தாள்.

"கொஞ்சம் இருக்கு பெரியப்பா."

நான் குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டேன். பின்னால் மச்சினன் யாருக்கும் தெரியாமல் ஒரு வாழைப்பழத்தை உரித்துத் தின்றுகொண்டிருந்தான்.